தடுப்பு போட்டும் நத்தை தாண்டி வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரி செய்வது எப்படி

எங்கள் வீடு நாகர்கோவிலிலிருந்து தோவாளை போகிற வழியில் இருக்கிறது. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, ஆக வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், அதனால் ஓடில்லா நத்தைக்கும் எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு விருந்து. பூச்சந்தை இவ்வளவு பக்கத்தில் இருந்தும், சாமிக்கு வைக்கிற செண்டுமல்லியையாவது நாமே வளர்ப்போமே என்று நட்ட 40 நாற்றில் ஒரே ராத்திரியில் 31 காணாமல் போனது. மிச்சமிருந்தது வெறும் காம்பு. அன்றைக்குத்தான் இந்தத் தடுப்பு வேலைகளில் இறங்கினேன். சாம்பல், முட்டை ஓடு, காப்பிச் சக்கை, செம்புக் கம்பி, வாசலின், தண்ணீர் பாட்டில் என்று வீட்டில் கிடைத்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், எல்லாமே ஒரு தடவையாவது காலை வாரிவிட்டன.

ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று டார்ச்சும் கையுமாக உட்கார்ந்து பார்த்தபோது திரும்பத் திரும்ப மூன்று காரணங்கள்தான் வந்தன. தடுப்பு நனைந்திருக்கும். இல்லையென்றால் எங்கேயோ ஒரு இலை பாலம் போட்டுக்கொடுத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் நத்தை முதலிலிருந்தே வேலிக்கு உள்ளே குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் தோட்டத்தில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

இலையில் ஓட்டை இருக்கிறது, தின்றது யார் என்று தெரியவில்லை

நத்தைதான் என்று உறுதியாகத் தெரியாமல் தடுப்பு போடாதீர்கள். நான் ஒரு வாரம் முழுக்க நத்தைக்கு வேலி கட்டினேன், கடைசியில் கத்தரியைத் தின்றுகொண்டிருந்தது புழு. புழு தின்றால் இலைமேலோ அதற்குக் கீழ் இலையிலோ கடுகு மாதிரி கருப்பாக எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டு வரும். எலி என்றால் தண்டு சாய்வாக, கத்தியால் சீவியது போல வெட்டுப்பட்டிருக்கும். நத்தைக்கு நமக்கு இருக்கிற மாதிரிப் பல் வரிசை இல்லை, நாக்கில் அரம் மாதிரி ஆயிரக்கணக்கான நுண்பற்கள் உண்டு, அதால் ராவி ராவித் தின்னும். அதனால் ஓட்டை ஒழுங்கில்லாமல், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், தடித்த இலையாக இருந்தால் மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு அடித்தோல் மெழுகுதாள் போல மிஞ்சியிருக்கும். பக்கத்தில் காய்ந்த கோந்து மாதிரி பளபளக்கும் தடம் இருக்கிறதா என்று காலை ஏழு மணிக்குள் பாருங்கள், மழை பெய்திருந்தால் தடம் கழுவிப்போயிருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா, ராத்திரி ஒன்பது மணிக்குமேல் டார்ச்சோடு போங்கள். எங்கள் பக்கம் அதிகம் கண்ணில் படுவது தட்டையான, கரும்பழுப்பு நிற வகை, முதுகின் நடுவே வெளிறிய கோடு ஒன்று நெடுக ஓடும், கையுறையோடு தொட்டால் நனைந்த தோல் செருப்பைத் தொட்ட மாதிரி இருக்கும். சுருண்டு கிடக்கும்போது இரண்டு விரல்கடை அளவுதான், நகரும்போது நீண்டு ஏழெட்டு சென்டிமீட்டர் போய்விடும். இந்த நீளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செம்பு விஷயத்தில் தேவைப்படும். சிலர் இதையே அட்டை என்றும் சொல்வார்கள். ரத்தம் குடிக்கிற அட்டை வேறு, இது செடி தின்கிற வகை.

முதல் ராத்திரி நான் பொறுக்கியது 43. பத்தடிக்கு நாலடி பாத்தியில்!

சாம்பல் போட்டேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி

மழை பெய்தது, அல்லது நீங்களே தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள். சாம்பல் வேலை செய்வது உலர்ந்திருக்கும்வரைதான். நத்தை நகர்வது அதன் வழுவழுப்பின்மேல், உலர்ந்த பொடி அந்த வழுவழுப்பை உறிஞ்சி அடிவயிற்றில் அப்பிக்கொள்கிறது, இன்னும் இன்னும் கசியவிட்டு ஓய்ந்துபோய்த் திரும்பிவிடும். நனைந்த சாம்பல் அதற்குச் சாணி மெழுகிய திண்ணை மாதிரி, சுகமாக ஏறி வரும்.

ஆகவே சாம்பலை மழை படாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வராந்தாவில் இருக்கும் தொட்டி, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே இருக்கும் நாற்றுத்தட்டு, இப்படி. அகலம் ஒரு சாண், உயரம் இரண்டு விரல், நடுவில் விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. அடுப்புச் சாம்பல் இல்லாத வீட்டில் இஸ்திரிக் கடையில் கேட்டால் தேங்காய்ச் சிரட்டைக் கரிச் சாம்பல் கிடைக்கும், எங்கள் தெருமுனைக் கடைக்காரர் ஒரு சாக்கு நிறையக் கொடுத்துவிட்டு எதற்கு என்று கேட்டார், சொன்னதும் சிரித்தார். சல்லடையில் சலித்துப் போடுங்கள், கட்டி இருந்தால் அதன்மேல் காலை ஊன்றி (காலே இல்லை என்பது வேறு விஷயம்) தாண்டிவிடும். வாராவாரம் பாத்திக்குள் சாம்பலைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறும், கீரை தாங்கும், ரோஜாவுக்கு ஆகாது. சாம்பல் செடியின் தண்டைத் தொடவும் வேண்டாம்.

சுண்ணாம்புக்கும் இதே கதைதான். தொட்டியின் வெளிப்பக்கத்தில் நீற்றிய சுண்ணாம்பைக் கெட்டியாக அடித்துவிட்டால் காய்ந்த நாட்களில் ஏறத் தயங்குகிறது, அடைமழையில் பயனில்லை.

முட்டை ஓடும் காப்பிச் சக்கையும் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை

நடக்காது. இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது, ஏனென்றால் மூன்று மாதம் முட்டை ஓடு சேர்த்து வைத்திருந்தேன். கூரான ஓடு நத்தையின் வயிற்றைக் கிழிக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் அது ஊறுகிற கோழைப் படலம் அவ்வளவு கெட்டி, சவர பிளேடின் விளிம்பிலேயே ஏறி இறங்கிவிடும். இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கத்தார் ஆறு வாரம் லெட்யூஸ் கீரையை வைத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள்: செம்பு டேப், கூர்மையான சரளை, பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு என்று ஐந்து தடுப்பு, கூடவே தடுப்பே இல்லாத செடிகளும். ஐந்தில் ஒன்றுகூட உருப்படியாகக் காப்பாற்றவில்லை. முட்டை ஓட்டைப் பொடித்து மண்ணில் சேருங்கள், சுண்ணாம்புச் சத்தாக மெதுவாகக் கரையும், அதோடு அதை மறந்துவிடுங்கள்.

காப்பி விஷயத்தில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. காபீன் நத்தைக்கு விஷம்தான், ஹவாயில் நடந்த சோதனையில் 1 முதல் 2 சதவீதக் காபீன் கரைசல் நத்தைகளைக் கொன்றது என்று 2002-இல் கட்டுரை வந்தது. ஆனால் நாம் குடிக்கிற காப்பியில் காபீன் ஏறக்குறைய 0.05 சதவீதம். அதை இறக்கிய பிறகு வடிகட்டியில் நிற்கிற சக்கையில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள். அதிலும் நம் தூளில் பாதிக்குப் பாதி சிக்கரி கலந்திருந்தால் நத்தைக்கு அது வெறும் மெத்தை.

செம்பு வளையம் கட்டினேன், சில தொட்டிகளில் தாண்டுகிறது, சிலவற்றில் இல்லை

ஆய்வில் செம்பு டேப்பும் தோற்றது என்று மேலே சொன்னேன், பிறகும் ஏன் இதைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அகலமாகக் கட்டினால் என் தொட்டிகளில் ஓரளவு கேட்டது, குறுகலாகக் கட்டியபோது கேட்கவே இல்லை. செம்பின்மேல் நத்தையின் ஈரம் படும்போது ஏதோ அரிக்கிற மாதிரி அது தலையை இழுத்துக்கொள்வதை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஆனால் கடையில் விற்கிற டேப் மூன்று சென்டிமீட்டர், நத்தை நீண்டால் எட்டு. முன்பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொள்கிறது, நாம் வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி. நான் நின்று பார்த்தேன், முழுசாக நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது, தாண்டிவிட்டது.

என்ன செய்தேன் என்றால், மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பியை எடைக்கு வாங்கி, தொட்டியைச் சுற்றி நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுற்றினேன். அந்தக் கம்பிக்கு மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் கட்டினால் செம்பே நத்தைமேல் படாது, எனக்கு முதல் தடவை நடந்தது அதுதான். அப்புறம் பச்சைக் களிம்பு ஏறினால் மாதம் ஒருமுறை புளியும் உப்பும் வைத்துத் தேயுங்கள், குத்துவிளக்கு துலக்குகிற மாதிரியேதான், தேய்த்த தண்ணீர் மண்ணில் வடியாமல் துணியால் துடைத்துவிடுங்கள்.

சில தொட்டிகளில் மட்டும் தாண்டுகிறது என்றால் அந்தத் தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். அவரைக்கொடி ஒன்று சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பக்கத்துத் தொட்டி இலை இந்தத் தொட்டி இலையோடு உரசும். ஊன்றுகோல் தரையில் இருக்கும். எங்கள் வீட்டில் பாலம் துணிக்கொடிக் கயிறு.

தடுப்பு அப்படியே இருக்கிறது, உள்ளே மட்டும் தின்று தீர்க்கிறது

இதுதான் அதிகம் நடப்பது, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் நத்தையை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பூட்டிவைத்திருக்கிறீர்கள்.

ஓடில்லா நத்தை பகலில் மண்ணுக்குள்ளும், வளர்ப்புப் பையின் அடியிலும், தண்ணீர் வடியும் ஓட்டையிலும், செங்கல் இடுக்கிலும் கிடக்கும். தென்னை நார்க்கழிவு கலந்த கலவை அதற்கு மாளிகை மாதிரி, எப்போதும் ஈரம், எப்போதும் பொதபொதப்பு. மூடாக்காகத் தேங்காய் மட்டையையும் இலைச்சருகையும் கனமாகப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மூடாக்கு போடாதே என்று சொல்ல மாட்டேன், எங்கள் வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது, ஆனால் மழைக்காலத்தில் தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு மெல்லிசாகப் போட்டால் போதும்.

தடுப்பு வைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் பத்து நாள் நத்தை பிடிக்கிற வேலையைச் செய்யுங்கள். நனைத்த சணல் சாக்கை மடித்துப் பாத்தி நடுவில் வையுங்கள், உள்ளே முட்டைக்கோஸின் வெளி இலை, பப்பாளி இலை, வாழைத்தண்டுப் பட்டை, எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். விடியற்காலையில் சாக்கைப் பிரித்தால் மொத்தக் குடும்பமும் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். வெயில் ஏறிவிட்டால் கலைந்துவிடும், ஆறரை மணிக்குமேல் போவதில் அர்த்தமில்லை. இடுக்கியால் எடுத்து, சோப்பும் உப்பும் கரைத்த வாளியில் போட்டுவிடுங்கள். எனக்கு 43-ல் ஆரம்பித்த கணக்கு பத்தாம் நாள் 6-க்கு வந்தது, அதன்பிறகு கட்டிய தடுப்புதான் முதன்முதலாக நின்றது.

மண்ணைக் கிளறும்போது வெந்த ஜவ்வரிசியைக் கோர்த்துச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு கொத்து வந்தால் அது முட்டை, நசுக்கிவிடுங்கள். நர்சரியிலிருந்து வரும் மண்ணில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் உருண்டையாக உதிரி உதிரியாக இருப்பது மெதுவாகக் கரையும் உரமணி, அதை முட்டை என்று நினைத்து ஒரு தொட்டி மண்ணையே கொட்டிவிட்டேன், நீங்கள் செய்யாதீர்கள். ஆனால் நர்சரித் தொட்டியை வாங்கி வந்ததும் அடியைத் தூக்கிப் பாருங்கள், பாதி நத்தை அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது.

பொறி வைத்த பிறகு தின்பது குறையவில்லை, கூடிவிட்டது

பொறியைச் செடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். பீர் பொறி என்று எல்லோரும் சொல்வார்கள், அதில் இழுப்பது சாராயம் இல்லை, ஈஸ்ட் புளிக்கிற வாசனை. எனவே அதற்காக டாஸ்மாக் வரிசையில் நிற்க வேண்டாம். அரைக் கப் மைதா, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு மணி நேரம் பொங்கவிட்டால் போதும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, விளிம்பு மண்ணுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நிற்கும்படி புதையுங்கள், மண் மட்டத்துக்கு வைத்தால் நத்தையின் குஞ்சைத் தின்கிற நல்ல வண்டுகளும் விழுந்து சாகும். இந்த வாசனை தூரத்திலிருந்தெல்லாம் கூட்டி வரும், வருகிற வழியில் உங்கள் கீரை இருந்தால் முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் விருந்துக்குப் போகும். ஆகவே பொறி தடுப்புக்கு வெளியே, பாத்தியிலிருந்து ஆறேழு அடி தள்ளி, ஈரமான மூலையில். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நாற்றம் உங்களைத் தோட்டத்தைவிட்டு விரட்டும்.

நத்தை போய்விட்டது, ஆனால் செடியும் கருகுகிறது

உப்பைப் போட்டிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்ளுங்கள், நானும் போட்டேன். உப்பு பட்டால் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியேறி நத்தை சாகும் என்பது சரி, அதே வேலையை வேருக்கும் செய்யும். பக்கத்து வீட்டுப் பாட்டி மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார், "மக்களே, நத்தயக் கொல்லுகதுக்கு உப்பப் போட்டா மண்ணுல்லா செத்துப்போவும்." கேட்கவில்லை. நாலு மிளகாய்ச் செடியின் இலை ஓரம் தீய்ந்து, நுனியிலிருந்து உள்ளே காய்ந்துகொண்டே வந்தது.

தொட்டியில் போட்டிருந்தால் மேல்மண் இரண்டு அங்குலத்தைச் சுரண்டித் தூரப் போட்டுவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை விட்டுவிட்டு ஊற்றி, அடி ஓட்டை வழியாக வடியவிடுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வடிந்த உப்பை வேர் திரும்ப உறிஞ்சும். கிணற்றுத் தண்ணீரே உப்புக்கரிக்கிற ஊர் என்றால் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

உப்பை மண்ணில் படாமல் பயன்படுத்த ஒரு வழி உண்டு. இரண்டு ஸ்பூன் வாசலினில் ஒரு ஸ்பூன் தூள் உப்பைக் குழைத்து, தொட்டியின் விளிம்புக்குக் கீழே, வெளிப்பக்கம் மட்டும், மூன்று விரல் அகலத்துக்குப் பட்டையாகப் பூசுங்கள். மழை இதைக் கழுவாது. எனக்கு மழைக்காலத்தில் அதிகம் கைகொடுத்தது இதுதான். வெயில் காலத்தில் சிமெண்டுத் தொட்டி சுடும்போது இளகி வழிந்துவிடும், மண்தொட்டி எண்ணெயைக் குடித்துக் கறையாகிவிடும், ஆகவே பிளாஸ்டிக் தொட்டிக்கும் பீங்கானுக்கும் மட்டும் சொல்வேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூசி படிந்ததை வழித்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

பாட்டில் வளையத்துக்குள் நாற்று பத்திரமாக இருக்கிறது, ஆனால் அழுகுகிறது

தரையில் நேரடியாக நட்ட நாற்றுக்கு இரண்டு லிட்டர் பாட்டிலின் மேலும் கீழும் வெட்டிய குழாய்த் துண்டுதான் வீட்டில் செய்யக்கூடிய தடுப்புகளில் உருப்படியானது. மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள், பத்து சென்டிமீட்டர் வெளியே. மேல் விளிம்பில் ஒரு அங்குலத்துக்கு ஒரு வெட்டு என்று வெட்டி, வெளிப்பக்கம் கீழ்நோக்கி மடக்கிவிட்டால் ஏறி வருகிற நத்தை அந்த மடிப்பில் தலைகீழாகத் தொங்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் விழுந்துவிடும்.

நாற்று அழுகுவதற்குக் காரணம், மூடியோடு முழுப் பாட்டிலைக் கவிழ்த்துவிடுகிறோம், உள்ளே வேர்த்துக் கொட்டி, காற்று இல்லாமல் தண்டின் அடி கரைந்து சாய்கிறது. மேலே திறந்தே இருக்கட்டும். சுற்றிலும் சூடான ஊசியால் பத்து ஓட்டை போடுங்கள். காலையில் ஊற்றுங்கள், மாலையில் வேண்டாம். இது நாற்றுக்கு மட்டும் சொல்வதில்லை, தோட்டம் முழுவதற்கும்தான்: மாலையில் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரத்தரை, நத்தைக்கு நாமே பாதை போட்டுக்கொடுக்கிறோம். நான் காசு செலவில்லாமல் செய்த ஒரே மாற்றம் இது, பாதித் தொல்லை இதிலேயே அடங்கியது.

இலை வளையத்தைத் தாண்டி வெளியே சாய்ந்ததும் வளையம் செல்லாக்காசு. அந்த நேரத்தில் தண்டு முற்றியிருக்கும், ஒன்றிரண்டு இலை போனாலும் செடி பிழைத்துக்கொள்ளும், எடுத்துவிடுங்கள்.

மாடியில் ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன், அங்கேயும் ஏறிவிட்டது

சமையலறை அலமாரிக் காலுக்கு எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதேதான். இரும்பு ஸ்டாண்டின் நாலு காலையும் அகலமான கிண்ணத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். காலுக்கும் கிண்ண விளிம்புக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது எட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எம்பித் தொட்டுவிடும். ஸ்டாண்டு சுவரைத் தொடக் கூடாது. இதைப் போல நிச்சயமான தடுப்பு வேறு நான் பார்க்கவில்லை, ஆனால் வெறும் தண்ணீரை விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளியும், டெங்குக்கு ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே இப்படிப்பட்ட கிண்ணங்களைத்தான். நாலு நாளைக்கு ஒருமுறை கொட்டிக் கழுவித் தேய்த்து நிரப்புங்கள், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் இன்னும் நல்லது. காலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வையுங்கள், என்னுடைய ஸ்டாண்டு ஒரே வருடத்தில் துருப்பிடித்து ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது.

எந்தத் தடுப்பையும் மதிக்காமல், ஓட்டோடு, கைப்பிடி அளவுக்கு ஒன்று வருகிறது

அது வேறு ஆள், ஆப்பிரிக்கப் பெருநத்தை. மொரீஷியஸிலிருந்து பென்சன் என்பவர் 1847-இல் கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விட்டது, அங்கிருந்து இங்கே வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு ஈட்டுக்கு நூறு இருநூறு முட்டை. பப்பாளி மரப்பட்டையிலிருந்து சுவரில் அடித்த சுண்ணாம்புவரை சுரண்டித் தின்னும், ஓடு வளர அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், ஆகவே முட்டை ஓடு போட்டவர்கள் இதற்கு விருந்தே வைக்கிறார்கள். பாட்டில் வளையத்தை அப்படியே சாய்த்துவிடும். தண்ணீர்க் கிண்ணமும் சாக்குப் பொறியும் கையால் பொறுக்குவதும்தான் வழி. மரத்தண்டுக்குத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் போர்டோ பசை (துருசு என்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்த பூச்சு) பூசலாம், அதிலிருக்கும் செம்பு ஏறவிடாது. புகையிலையையும் துருசையும் கரைத்துத் தெளிக்கிற முறை தோப்புக்காரர்களிடம் இருக்கிறது, பறித்துச் சமைக்கிற வீட்டுக் கீரைப்பாத்தியில் அதை நான் விட மாட்டேன்.

பிடித்ததைப் பக்கத்துக் காலிமனையில் எறியாதீர்கள், திரும்பி வரும். உப்புத் தண்ணீரில் போட்டுச் செத்த பிறகு, செடியில்லாத இடத்தில் முழங்கை ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். செம்போத்து உங்கள் மதிலில் வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள், அது இவற்றைக் கொத்தித் தின்னும்.

ஓடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நத்தையை வெறுங்கையால் தொடக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சு நத்தை உடம்பில் இருக்கலாம், அது மனிதருக்குள் போனால் மூளை உறையை அழற்சியாக்கும். கையுறை போடுங்கள், பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள், தோட்டத்துக் கீரையையும் புதினாவையும் இலை இலையாக ஓடும் தண்ணீரில் அலசி நன்றாக வேகவையுங்கள், பச்சையாகச் சாலட் எல்லாம் மழைக்காலத்தில் வேண்டாம். கையில் கோழை ஒட்டிவிட்டால் உடனே தண்ணீரில் காட்டாதீர்கள், இன்னும் பசையாகும். காய்ந்த துணியிலோ சாம்பலிலோ துடைத்து உருட்டி எடுத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.

விஷக் குருணை போட்டுவிடலாமா

வீட்டில் நாயோ கோழியோ இருந்தால் மெட்டால்டிஹைடு குருணையைக் கையிலும் எடுக்காதீர்கள், நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும், தின்றால் வலிப்பு வந்து சாகவும் கூடும். கட்டாயம் வேண்டுமென்றால் இரும்பு பாஸ்பேட் குருணை அதைவிடப் பரவாயில்லை, அதுவும் கைப்பிடி கைப்பிடியாக வேண்டாம், நாலு விரல் தள்ளித் தள்ளி ஒவ்வொரு மணியாக.

மழை நின்றுவிட்டது, நத்தையைக் காணோம், தடுப்பை எடுத்துவிடலாமா

தை பிறந்ததும் எடுத்துக் கழுவி வையுங்கள். ஓடில்லாதது ஈரம் தேடி மண்ணுக்குள் இறங்கியிருக்கும், அப்போது பாத்தியை ஒரு முறை நன்றாகக் கொத்திப் புரட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டால் முட்டையும் காயும், மைனா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெருநத்தை வாயைக் காகிதம் மாதிரி ஒரு படலத்தால் மூடிக்கொண்டு நிழலான சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கும், தடுப்பும் பொறியும் இல்லாமல் பறித்துப் போடக்கூடிய நேரம் அது ஒன்றுதான். போன மாசியில் எங்கள் கிணற்றடிச் சுவரின் வடக்குப் பக்கத்திலிருந்து 17 எடுத்தேன், கருங்கல் இடுக்கில் கைக்கு எட்டாமல் இன்னும் இரண்டு இருந்தன, அவற்றுக்காக மறுநாள் இடுக்கியில் ஒரு மூங்கில் குச்சியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.